எனக்கப்புறம் பாப்பாவை யார் பார்ப்பார்கள்?

எங்கள் வீட்டில் ஒரு பாப்பா இருக்கிறாள். வயது 36.

பாப்பா என் நாத்தனார். என் கணவரின் கடைசித் தங்கை. பிறந்தபோது அழவே இல்லையாம். மூன்று வயதுக்கு மேல்தான் நடந்தாள். இன்றைக்கும் நாலைந்து வயதுக் குழந்தையின் பேச்சுதான். தானே சாப்பிடுவாள், சொன்னால் குளிப்பாள், பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுப்பாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு 12 வயது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எங்கே போறே?" என்று கேட்டாள். இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பினால் அதே கேள்விதான்.

எங்கள் ஊர் பேரிகை கர்நாடக எல்லையை ஒட்டியது. தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதியில் கன்னடமும் தமிழும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாதான் பாப்பாவைப் பாதி நாள் இடுப்பில் வைத்து வளர்த்தவர். அதனால் பாப்பாவுக்கு வலி என்றால் "நொப்பி". பசி என்றால் தமிழில் "மம்மு". இந்த இரண்டும் கலந்த பாஷை எங்கள் தெருவுக்கு மட்டுமே புரியும்.

போன வருஷம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஓசூரில் ஆபரேஷன். அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த முதல் இரண்டு நாள் பாப்பா சோறே தொடவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தாள். அதை அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அவரே கேட்டார்.

"எனக்கப்புறம் இவளை யாரும்மா பாப்பாங்க?"

"நான் இல்லையா அத்தை?"

"நீ பாப்பே. உனக்கப்புறம்?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு வயது 45. பாப்பாவுக்கும் எனக்கும் ஒன்பதே வயதுதான் வித்தியாசம். என் கணவருக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. மகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். நாளை அவளுக்குக் கல்யாணம் ஆகும். இந்தப் பக்கம் பல வீடுகளில் இப்படித்தான். முன்பெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் யாராவது ஒருவர் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது பகலில் வீடே பூட்டிக் கிடக்கிறது.

உறவுக்காரர்களில் ஒரு பாதி, "எங்கேயாவது ஹோம்ல சேர்த்துடுங்க" என்றார்கள். மறு பாதி, "ஹோமா? அது அநாதைகளுக்கு!" என்றார்கள். இரண்டு பேரும் எந்த இல்லத்தையும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இல்லை. நான் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு முன், இப்படிப்பட்ட இடங்களில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று மகளைக் கைப்பேசியில் தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். பயமுறுத்துவதற்காக அல்ல, சகோதரிகளே. நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நாம் தெரிந்துகொண்டே ஆகவேண்டியவை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

முதலில் ஒரு விஷயம். மனநோய் வேறு, பாப்பாவின் நிலை வேறு. மனநோய் எந்த வயதிலும் வரும், மருந்தால் குணமாகவும் கூடும். பாப்பாவைப் போன்றவர்களுக்குப் பிறவியிலோ சிறு வயதிலோ அறிவு வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. இதை முன்பு மனவளர்ச்சிக் குறைவு என்பார்கள், இப்போது அறிவுசார் குறைபாடு என்கிறார்கள். இதற்கு மருந்து கிடையாது, பழக்கமும் பொறுமையும்தான். ஆனால் விட்டுவிட்டு வரும் இடத்தில் இரண்டு வகையினருக்கும் நேரும் ஆபத்து ஒன்றேதான்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநல இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அதுபோன்ற தனியார் இல்லங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே தடை செய்திருக்கிறது. ஆனால் அந்த 28 பேரின் குடும்பங்களும் ஒரு காலத்தில் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டவர்கள்தானே? சங்கிலி யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கவில்லை. அதைக் கண்டு, "அவிழ்த்து விடுங்கள்" என்று வற்புறுத்த ஆள் இல்லை.

இன்னொன்று சமீபத்தியது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய பதிவு இல்லாமல் பல ஆண்டுகளாக நடந்து வந்தது என்றார்கள் அதிகாரிகள். அடித்ததாகவும், பெண்களைப் பலாத்காரம் செய்ததாகவும் புகார்கள் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்க வேண்டும் என்று உறவினர் கேட்டார். "இடம் போதாததால் பெங்களூரில் ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தது. பெங்களூரில் போய்த் தேடினால் ஆள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடப்பட்டது. அதற்குப் பிறகுதான் போலீஸ் உள்ளே போனது. ஒரே ஓர் உறவினர் விடாமல் "எங்கே?" என்று கேட்டதால், மற்ற அத்தனை பேருக்கும் கதவு திறந்தது.

எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. ஒரு மாநிலத்து இல்லத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்கு ஆளை மாற்றிவிட்டால், தேடுகிறவர் இரண்டு மாநிலத்து அதிகாரிகளின் வாசலிலும் நிற்க வேண்டும். நமக்குச் சொல்லாமல் பாப்பாவை எங்கும் மாற்றமாட்டோம் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

அரசாங்க இல்லம் என்றால் கவலை இல்லையா? சண்டிகரில் 2009ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அரசு இல்லத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத, மனவளர்ச்சி குறைந்த இளம் பெண் ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே நடந்தது அது. கருவைக் கலைக்க நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கியது. அந்தப் பெண்ணோ, "எனக்குக் குழந்தை வேணும்" என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது. படித்துச் சொன்னபோது மகளுக்குக் குரல் அடைத்துவிட்டது. எனக்குப் பட்டது இதுதான்: இவ்வளவு பேர் கூடி அவளைப் பற்றி முடிவு செய்தபோது, அவளுக்கும் ஒரு மனசு இருந்தது. பாப்பாவுக்கும் உண்டு. அவளைக் கேட்காமலே நான் இல்லம் தேடக் கிளம்பியிருந்தேன்.

பணமும் பெரிய பெயரும்

"நல்லா செலவு பண்ணா நல்ல இடம் கிடைக்கும்" என்பார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் 'விண்டர்போர்ன் வியூ' என்று ஒரு தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கானது. ஓர் ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3500 பவுண்டு அரசாங்கப் பணம் செலவானது. அங்கே ஊழியர்கள் அவர்களை அடிப்பதையும், தரையில் அழுத்திப் பிடிப்பதையும், உடுத்திய துணியோடு குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துவதையும் 2011ஆம் ஆண்டு மே மாதம் பி.பி.சி. டெலிவிஷன் மறைத்து வைத்த காமிராவில் பிடித்துக் காட்டியது. அதற்கு முன்பே ஒரு மூத்த நர்ஸ் புகார் செய்திருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு அந்த இடம் மூடப்பட்டது. 2012இல் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் 6 பேருக்குச் சிறை. பணம் கொட்டியும் பாதுகாப்பு வரவில்லை.

பெரிய மனிதர் நடத்தினால்? அதையும் பார்த்தாயிற்று. ழான் வனியே என்பவர் 1964ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு கிராமத்தில், பெரிய விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த மனவளர்ச்சி குறைந்த இரண்டு ஆண்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து கூடவே வைத்துக்கொண்டார். ஒரே அடுப்பு, ஒரே மேசை, சின்ன வீடு. அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. நம் பக்கத்தில் பெங்களூரில் 1970இலேயே 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் இந்தியாவின் முதல் வீடு ஏற்பட்டது. அவரை மகான் என்றே உலகம் கொண்டாடியது. 2019இல் இறந்தார். அடுத்த வருஷமே, அவர் தம்மிடம் ஆன்மிக வழிகாட்டல் தேடி வந்த பெண்களிடம் பல ஆண்டுகள் முறைகேடாக நடந்துகொண்டார் என்று விசாரணை அறிக்கை சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். ஆனாலும் அதிர்ச்சி அதிர்ச்சிதானே?

இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அந்த விசாரணையை ஏற்பாடு செய்ததும், அறிக்கையை வெளியிட்டதும் அவர் ஆரம்பித்த அமைப்பேதான். ஸ்தாபகர் பெயர் கெடுமே என்று மூடி வைக்கவில்லை. ஆளைப் பார்த்து நம்புவதைவிட, தப்பு நடந்தால் வெளியே சொல்கிற வழக்கம் அங்கே இருக்கிறதா என்று பார்த்து நம்ப வேண்டும். இல்லம் தேடப் போனபோது நான் மனதில் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்.

நாங்கள் பார்த்த மூன்று இல்லங்கள்

நானும் என் கணவரும் மூன்று இடம் போனோம். பெயர் எழுதப் போவதில்லை.

முதல் இடம் எல்லைக்கு அந்தப் பக்கம். பளபளக்கும் தரை, சுவர் நிறைய பெரிய மனிதர்கள் பரிசு வாங்கும் போட்டோ. காப்பி கொடுத்தார்கள். "உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டேன். "இன்ஃபெக்ஷன் வந்துடும்மா, விசிட்டர் ஹால் வரைக்கும்தான்" என்றார் மானேஜர். முதல் மூன்று மாதம் வீட்டார் வரக் கூடாதாம், அப்போதுதான் பழகுவார்களாம். அங்கே பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. பாப்பா "நொப்பி" என்றால் அவளுக்கு என்ன புரியும்? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தை நடத்துகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். சேவை என்றே ஆரம்பித்தது. ஆனால் இருக்க வேண்டியதைவிட இரண்டு பங்கு பேர். பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மொட்டை, ஒரே மாதிரி நைட்டி. பகல் 12 மணிக்குச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். "மாத்திரை குடுத்துடுவோம்மா, சத்தம் போடமாட்டாங்க" என்று மறைக்காமலே சொன்னார் அங்கிருந்தவர். எந்த டாக்டர் எழுதிய மாத்திரை என்று கேட்டதற்குச் சீட்டு எடுத்துக் காட்ட முடியவில்லை. அன்பு மட்டும் போதாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது, சாதாரண ஓட்டு வீடு. 12 பெண்கள். கேட்டில் தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்து, "உன் பேர் என்னா?" என்று கேட்டாள். இன்னொருத்தி தன் அலமாரியைத் திறந்து அவளுடைய வளையல் டப்பாவைக் காட்டினாள். சமையலறையில் இரண்டு பேர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஜடை, ஒருத்திக்குக் கிராப்பு. அவரவர் விருப்பம். பார்த்துக்கொள்கிற அம்மா தானாகவே சொன்னார்: "போன மாசம் இங்கே ஒருத்தி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலையில ரெண்டு தையல். அவங்க வீட்டுக்கு அன்னிக்கே போன் பண்ணிட்டோம். அதுக்கப்புறம்தான் இந்தக் கைப்பிடி போட்டோம்." புதுக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

போய்ப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். உங்களுக்கும் உதவும்.

1. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, பதிவு இல்லாமல் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று படியுங்கள். பக்கத்து மாநிலத்து இல்லம் என்றால் அந்த மாநிலத்துப் பதிவு இருக்க வேண்டும்.

2. ராத்திரி விழித்திருப்பவர் யார்? எத்தனை பேருக்கு ஒருவர்? பெண்கள் பகுதியில் பெண்தானா?

3. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது? இரவில் கதவு பூட்டப்படுமானால் சாவி யார் கையில்? அறைக்குள்ளே இருப்பவரால் திறக்க முடியுமா?

4. குளிப்பாட்டுவதும், மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றுவதும் யார்? கக்கூஸுக்குக் கதவு இருக்கிறதா?

5. சாப்பாட்டு நேரத்தில் போங்கள். என்ன சாப்பாடு, யாருக்கு ஊட்டுகிறார்கள், எவ்வளவு அவசரமாக ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். இவர்களில் சிலருக்கு மென்று விழுங்குவது கஷ்டம், புரையேறிவிடும்.

6. பகல் முழுவதும் என்ன செய்கிறார்கள்? சும்மா உட்கார்ந்தே இருந்தால் உள்ளதும் மறந்துபோகும்.

7. சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரலாமா? "வாங்க" என்று சொன்னால் மட்டுமே மேற்கொண்டு பேசுங்கள்.

8. உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அவள் முகத்தைப் பாருங்கள். நாம் எடைபோடத் தவறியதை அவள் எடைபோட்டுவிடுவாள்.

உடம்புக்கு ஒரு நோட்டு

இவர்களால் வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பல்வலி வந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மலச்சிக்கல் வந்தால் சாப்பிட மாட்டார்கள், கத்துவார்கள். "புத்தி கெட்டுப் போச்சு" என்று மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால் உண்மையான நோய் மறைந்தே போகும். அதனால் நடத்தையில் திடீர் மாறுதல் வந்தால் முதலில் பல், காது, வயிறு, சிறுநீர் என்று டாக்டரிடம் காட்ட வேண்டும். அதிலும் ஒன்றும் இல்லை என்றால், யாராவது ஏதாவது செய்தார்களா என்று யோசிக்க வேண்டும்.

வலிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. அவர்களைத் தொட்டியிலோ கிணற்றடியிலோ தனியாகக் குளிக்க விடக் கூடாது. டௌன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு அதிகம் வருவதால் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை நல்லது. எல்லாருக்குமே மாதா மாதம் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். காரணம் இல்லாமல் எடை குறைந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

பாப்பாவுக்காக நான் ஒரு நோட்டுப் போட்டேன். அவள் சாப்பிடும் மாத்திரை, மாதவிலக்குத் தேதி, எதற்குப் பயப்படுவாள் (இடி, நாய்), எதைக் கொடுத்தால் அழுகை நிற்கும் (வளையல்), அவள் பாஷையில் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எல்லாம் எழுதினேன். முதல் வரி, 'நொப்பி என்றால் வலி.' அத்தை படுக்கையிலிருந்தே சொல்லச் சொல்ல எழுதியது. முப்பத்தாறு வருஷமாக அவர் மனசுக்குள்ளேயே இருந்தது அன்றுதான் காகிதத்துக்கு வந்தது. நீங்கள் யாரிடம் பிள்ளையை விட்டாலும், விடாவிட்டாலும், இந்த நோட்டை இன்றே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். துணிக்கு உள்ளே இருக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டால் "வேண்டாம்" என்று கத்து, அண்ணியிடம் சொல் என்று பழக்கினேன். "இவளுக்கு இதெல்லாம் புரியுமா?" என்றார்கள். நூறு தடவை சொன்னால் புரிகிறது.

சட்டமும் காகிதமும்

பல தாய்மாருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றவர்கள் என்பதாலேயே நாம் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குழுவிடம் மனுக் கொடுத்துக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு இது பொருந்தும். காப்பாளர் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே தாய் தந்தை இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. எங்களுக்குக் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொன்னார்கள்.

அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். அது நாடு முழுவதும் செல்லும்.

யார் சொன்னாலும் பிள்ளையின் பங்குச் சொத்தை இல்லத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாதா மாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். நாளைக்கு அழைத்து வர நேர்ந்தால் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இல்லத்தில் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் சொந்தக்காரர்தான் புகார் செய்ய வேண்டும் என்பதில்லை. சப்-கலெக்டர் போன்ற நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181.

வீட்டோடு வைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட உத்தமம் இல்லை. பகலில் மட்டும் போய்வரும் பயிற்சி மையம் பக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஊரோடு சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பாப்பா இப்போது

நாங்கள் பாப்பாவை ஒரேயடியாகக் கொண்டுபோய் விடவில்லை. முதலில் நான் கூடவே இருந்து பகல் மட்டும். பிறகு ஓர் இரவு. பிறகு இரண்டு இரவு. முதல் இரவு நான் வீட்டில் தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாளாம். இப்போது வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் வீட்டில். அத்தை கோலூன்றி நடக்கிறார். பாப்பா வரும் நாளில் காலையிலிருந்தே வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் இல்லத்திலிருந்து போன். "அக்கா, பாப்பா கையில நீலம் பாய்ஞ்சிருக்கு. கட்டில் தடுப்புல இடிச்சுக்கிட்டா. நோட்டுல எழுதியிருக்கோம், வந்து பாருங்க." உடனே பஸ் பிடித்துப் போனேன். மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. பாப்பா என்னைக் கண்டதும் கையை நீட்டி, "அண்ணி, நொப்பி" என்றாள். கட்டிலைப் பார்த்தேன், காயத்தின் உயரமும் தடுப்பின் உயரமும் சரியாக இருந்தது. தடுப்பில் அதற்குள் பழைய துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். "யாராவது அடிச்சாங்களா பாப்பா?" என்று தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். கட்டிலைக் காட்டி, அதற்கு ஓர் அடி கொடுத்துக் காண்பித்தாள்.

நான் நம்பினேன். ஆனாலும் அடுத்த வாரம் சொல்லாமல் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். இல்லத்து அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்க வாங்க, நீங்க இப்படி வர்றதுதான் எங்களுக்கும் நல்லது" என்றார்.

அங்கே இருக்கும் 12 பேரில் நாலைந்து பேருக்கு வருஷத்தில் ஒரு முறைகூட யாரும் வருவதில்லை. நான் போகும்போதெல்லாம் அவர்களும் கேட் வரை ஓடி வருகிறார்கள். இப்போது பாப்பாவுக்கு வளையல் வாங்கினால் அவர்களுக்கும் சேர்த்தே வாங்குகிறேன். அவர்கள் கையைப் பிடித்து வளையல் போடும் சாக்கில் கையையும் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இல்லம் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லாவிட்டாலும் ஒரு நாள் போய் வாருங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். வெளியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும் வீட்டில் சங்கிலிக்கு வேலை இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்டார்: "நீ போனப்புறம் யாரும்மா போய்ப் பார்ப்பாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் உள்ளேயிருந்து, "அந்த நோட்டு எங்கேம்மா இருக்கு? எனக்கும் காட்டு" என்றாள்.